பள்ளம் பார்த்து நிற்கும் வண்டி

கோம்பை
8.6.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹேமா எழுதுகிறேன். நானும் உன் மாப்பிள்ளையும் தேனுவும் சுகம். மஸ்கட் வெயிலும் அந்த மெஸ் சாப்பாடும் உன்னை எவ்வளவு மிச்சம் வைத்திருக்கின்றன என்று எழுது. தேனுவிடம் உன் போட்டோவைக் காட்டி "இது யாரு?" என்று கேட்டால் "மஸ்கட்" என்கிறாள். மூன்று வயசுக்கு அதுவே பெரிய ஞானம். இனி உனக்கு அதுதான் பேர்.

ஒரு ரிப்பேர் சங்கதி. ஊரெல்லாம் உன்னை ஆட்டோ எலக்ட்ரீசியன் என்கிறதே, பார்ப்போம். எனக்குக் கல்யாணச் சீராக வந்த அப்பாவின் அம்பாசிடர் இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, வடுகபட்டி போகலாம் என்று தேனுவுக்குச் சட்டை மாட்டி உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினால் ஒரு முக்கல் முனகல் இல்லை. மறுநாள் இவருக்குத் தேவாரத்தில் ஒரு கல்யாணம். டிரைவர் வேலுச்சாமி வந்து ஒரே அமுக்கில் எடுத்துவிட்டார். போன மாதமும் இதே கதைதான். நான் கிளம்பினால் படுத்துக்கொள்கிறது, இவர் கிளம்பினால் எழுந்து நிற்கிறது.

பஸ்ஸில் போகிறேன் என்றேன். "வாசல்ல கார் நிக்கயில எம் பொண்டாட்டி பஸ்ஸுல போனா ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தானே. அதனால் வண்டி சரியானால்தான் அம்மாவைப் பார்க்க முடியும். இவர் கடை போனுக்குப் பேசாதே, ஏலக்காய் ஏலம் நடக்கும் நேரத்தில் தொந்தரவாக இருக்கிறதாம்.

அன்புத் தங்கை,
ஹேமாவதி

மச்சான், திலீபன். நலம்தானே? உங்க தங்கச்சிக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. வண்டிக்காவது புத்தி இருக்கு. தபால்ல போடப் போகும்போது ரெண்டு வரி சேர்த்துட்டேன்.


மஸ்கட்
24.6.1998

அன்புத் தங்கை ஹேமாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மஸ்கட் மாமா சுகம் என்று தேனுவிடம் சொல். மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

வைத்தியத்துக்கு வருகிறேன். அந்த வண்டியில் சாவி ஒரு கதவு மாதிரி. கரண்டை உள்ளே விடும், அவ்வளவுதான். இன்ஜினைச் சுற்றிவிடுவது பொத்தான், அதற்கு அடுத்து சோலினாய்டு, அதற்கு அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார். வழியில் எது அறுந்தாலும் வண்டி ஊமை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கு. விளக்கு மங்கினால் பேட்டரியில் சாரம் இல்லை, அல்லது மோட்டார் சிக்கியிருக்கிறது. 'டக் டக்' என்றால் பேட்டரி முனை பூத்திருக்கும், வெந்நீர் ஊற்றித் தேய். விளக்கும் மங்காமல் சத்தமும் வராமல் இருந்தால் கரண்டு சோலினாய்டுக்கே போகவில்லை. பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஒயரைப் பார்.

ஹேண்டில் போட்டுச் சுற்று என்று சொல்ல வழியில்லை. அது எதிரடி அடித்து அப்பாவின் மணிக்கட்டு முறிந்ததும், அந்தக் கோபத்தில் ஹேண்டிலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு பம்பர் ஓட்டையையும் தகடு வைத்து வெல்டிங் அடித்ததும் உனக்கு மறந்திருக்காது. நீதானே அவருக்குச் சோறு ஊட்டினாய். எனக்கு முன்னால் உனக்கு ஸ்டியரிங் கொடுத்தாரே, அந்தக் கணக்கு இன்னும் என்னிடம் பாக்கி இருக்கிறது.

பார்த்து எழுது.

உன் அண்ணன்,
சசிதரன்


கோம்பை
12.7.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

டாக்டர் சொன்னபடி நோயாளியைப் பார்த்தேன். விளக்கு மங்கவில்லை. 'டக்' இல்லை, 'டிக்' இல்லை. டார்ச்சைக் கவ்விக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். முருகம்மாள் அத்தை பார்த்துவிட்டு, "ஏத்தா, வண்டி உன்னைய முழுங்கிருச்சா?" என்றார். இவருடைய அத்தை அவர். எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஆனிமாசம் முதல் இவர்தான் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் ஒயர் கழன்று தொங்கியது. நட்டு கீழே மிதியடியில் கிடந்தது. மாட்டி முறுக்கினேன். ஒரே அமுக்கு, வண்டி உறுமியது. தேனு கைதட்டினாள். சாயங்காலம் இவரிடம் சொன்னபோது எலி வேலையாக இருக்கும் என்றார். சரிதான் என்று நானும் சிரித்தேன். அந்த எலி ஸ்பானர் வைத்து நட்டைக் கழற்றும் எலி. பழைய நட்டில் புதுக் கீறல் பளபளக்கிறது.

மறுநாள் காலையில் வடுகபட்டிக்குக் கிளம்பினேன். ஒயர் மறுபடி தொங்கியது. இந்த முறை நட்டைக் காணோம்.

அண்ணே, ராத்திரி வண்டியைப் பூட்டித்தான் வைக்கிறோம். இன்னும் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுது.

அன்புத் தங்கை,
ஹேமாவதி

மச்சான், நீங்க பக்கம் பக்கமா எழுதுறீக. முதல் பக்கம் நலம் விசாரிப்பு வரைக்கும் படிப்பேன், ஒயரு சோலினாய்டுன்னு வந்தா தாண்டிருவேன். ஏலக்காய்ல இருந்து எண்ணெய் வருமான்னு கேளுங்க, சொல்றேன். – திலீபன்


மஸ்கட்
29.7.1998

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் ஹேமாவுக்கும்,

சுகம். மாப்பிள்ளை, இதை உங்களுக்கென்றே முதல் பக்கத்தில் எழுதுகிறேன். எலி நட்டைக் கழற்றாது. யாரோ வேண்டுமென்றே ஹேமா கிளம்பும்போது ஒயரைக் கழற்றுகிறார்கள். டிரைவராக இருக்கலாம், உங்கள் மேல் பொறாமை கொண்ட ஆளாக இருக்கலாம். இன்றைக்கு ஸ்டார்ட்டர் ஒயர், நாளைக்குப் பிரேக் குழாய் என்று போய்விடக் கூடாது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. கொஞ்சம் ஒளிந்திருந்து பிடியுங்கள்.

ஹேமா, நட்டுக்குப் பதில் உன் தையல் பெட்டியில் இருக்கும் மெல்லிய கம்பியைச் சுற்றி வை. அம்மா முட்டிக்கு வேப்பெண்ணெய் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
சசிதரன்


கோம்பை
20.8.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

வண்டியை நான் தொட்டிருக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் எடுக்கவில்லை என்று ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். எதிரடி அடித்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அப்பாவுக்கு அடித்த அதே ஹேண்டில். கட்டுப் போட்டிருக்கிறது. உன் மாப்பிள்ளைதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார். இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார்.

வண்டியைக் கெடுக்கிற ஆள் யாரும் இல்லை. எல்லாம் என் கவனக்குறைவு. அம்மாவைப் பார்க்க இப்போது அவசரம் இல்லை. வண்டியைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

ஹேமாவதி

மச்சான், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ரிப்பேர் வேலை? நீங்க அங்கன இருந்து எழுதுறீக, இங்கன கை முறியுது. ஒளிஞ்சிருந்து பிடிக்கச் சொன்னீகளே, பிடிச்சுட்டேன். – திலீபன்


மஸ்கட்
6.9.1998

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கச்சி கையை நீங்கள் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. நான் அதிகப்பிரசங்கித்தனமாக எழுதிவிட்டேன், மனதில் வைக்க வேண்டாம். வண்டி உங்கள் வாசலுக்கு அழகு. அதைக் கெடாமல் வைத்துக்கொள்ள உங்களுக்கே ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் வாசல் மேற்கே மலை பார்த்த மேடு. வண்டி மூக்கு மேடு பார்த்து நின்றால் பெட்ரோல் பின்வாங்கும், பேட்டரித் தண்ணீர் ஒரு பக்கம் சாயும், புதுப் பேட்டரி ஆறே மாதத்தில் போய்விடும். பெரிய இடத்து வண்டிகளை எல்லாம் மூக்கைப் பள்ளம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். உங்களுக்குத் தெரியாததா? அடுத்த பக்கத்தில் இருந்து சும்மா ஒயர் சங்கதிதான், ஹேமா படித்தால் போதும்.

ஹேமா,

சோலினாய்டு என்பது இரும்பு உருளைக்குள் செப்புக் கம்பி சுற்றிய சாமான். கரண்டு வந்தால் காந்தமாகும். காந்தமானால் உள்ளே இருக்கும் முளை இழுத்துக்கொண்டு போய் இரண்டு முனைகளைச் சேர்க்கும். அந்த முனைகள் கருகியிருந்தால் உப்புத்தாள் போட வேண்டும். இதற்குள் அவர் பக்கத்தை மூடியிருப்பார் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

ஹேண்டில் அடித்தது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு வெயிலில் போய் நின்றேன். உள்ளே வந்து மறுபடி படித்தேன். எந்த ஹேண்டில் என்று எனக்குப் புரிந்துவிட்டது ஆத்தா. திருடனிடமே போய்த் திருடனைப் பிடி என்று முதல் பக்கத்தில் எழுதிய மடையன் நான். பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, மார்ச் வரை தரமாட்டேன் என்கிறான். நீ வர முடியாமல் தவிப்பதை முன்பே அம்மாவுக்கு எழுதியிருந்தேன். "இன்னொரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாயிரும்" என்று ஆள் வைத்துப் பதில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் இல்லாமலும் வண்டி கிளம்பும், சரிவு இருந்தால் போதும். சாவி இல்லாமலும் கிளம்பும். சாவி வெறும் கதவு என்று சொன்னேனே, கதவைச் சுற்றிக்கொண்டு போகலாம். பேட்டரியில் பாடியோடு சேராத முனை ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, காயிலுக்கு இரண்டு காது இருக்கிறதே, அதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகாத காதில் சுற்று. இன்ஜினுக்கு உயிர் வந்துவிடும். வண்டியை நிறுத்த அந்த ஒயரைப் பிடுங்கினால் போதும்.

படித்ததும் இந்தப் பக்கத்தை அடுப்பில் போடு.

சசி


கோம்பை
27.9.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தில் கடைசியில் அவருடைய இரண்டு வரி இருக்காது. அவர் போடி ஏலத்துக்குப் போயிருக்கிறார். முருகம்மாள் அத்தை கோயிலுக்குப் போகும்போது தபால் பெட்டியில் போடுகிறேன் என்றார். "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்" என்று கையை நீட்டினார். அவரை நம்பலாமா என்று தெரியவில்லை. ஆனால் நம்ப வேறு ஆளும் இல்லை.

கட்டு அவிழ்த்துவிட்டார்கள். கை முழுசாகத் திரும்பவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்தியாகிவிட்டது. "நானே யோசிச்சு வச்சிருந்தேன், மச்சானும் அதையே எழுதியிருக்காரு" என்று வேலுச்சாமியிடம் பெருமையாகச் சொன்னார். மூக்கு பள்ளம் பார்த்து நிற்கிறது. ஹேண்ட் பிரேக் பிடிக்காததால் முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்திருக்கிறது. தேனு தினமும் அதில் ஏறி உட்கார்ந்து 'பாம் பாம்' என்று மஸ்கட்டுக்கு ஓட்டுகிறாள். நானும் கூடப் போய் உட்காருகிறேன். இப்போது அதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

உன்னிடம் மறைக்க இனி ஒன்றும் இல்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை அண்ணே. அமைதியாக வந்தார், என் கையைக் கதவு இடுக்கில் வைத்தார், கதவைச் சாத்தினார். பிறகு அவரே எண்ணெய் காய்ச்சித் தடவினார். போன வாரம் தேனு பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். அவளைத் தூக்கி அதே கதவு பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, "இது என்னன்னு உங்க அம்மாகிட்ட கேளு" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் முடிவாகத் தெரிந்தது. பயமாக இருக்கிறது. போவதற்கு ஓர் இடம் இருக்கிறது. எது என்று உனக்குக்கூட எழுதமாட்டேன். முன்பு ஒரு தரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன், அவருடைய பங்காளிகள் மரியாதையாகவே திருப்பிக் கூட்டிவந்து விட்டார்கள். இந்த ஊரில் பஸ் எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் மறந்துவிட்டது. சரிவில் உருட்டி எடுக்கும்போது கிளட்சை விடுவது இரண்டாவது கியரிலா, மூன்றாவதிலா? அப்பா சொல்லிக்கொடுத்தபோது நான் விளையாட்டாக இருந்துவிட்டேன். பதிலை மூன்றாம் பக்கத்துக்குப் பின்னால் எழுது.

ஹேமா


கோம்பை
24.10.1998

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

திலீபன் எழுதுவது. ஹேமாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. இனி அவள் எழுதமாட்டாள். நீங்கள் எழுதுவதை நானே படித்து அவளுக்குச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. இந்த முறை கடைசிப் பக்கம் வரை படித்தேன். எனக்கு ஒயர் சங்கதி புரியாது என்று நானே உங்களுக்கு எழுதியிருந்தேன், அது உண்மைதான். ஆனாலும் 'ரெண்டாவது கியர், சாவியைத் திருப்பி வைத்துக்கொள், வேகம் பிடித்ததும் கிளட்சை விடு, பயப்படாதே' என்பது புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. மெனக்கெட்டுப் படம் வேறு போட்டிருக்கிறீர்கள். அழகாக இருந்தது.

அவள் கை முறிந்ததில் இருந்து சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கும். அது போதாது என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சாவி போடுகிற சுவிட்சையே டேஷ்போர்டில் இருந்து கழற்றி எடுத்து என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது அந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. இனி எந்தக் கொம்பனாலும் அதைக் கிளப்ப முடியாது. வேலுச்சாமியையும் நிறுத்திவிட்டேன்.

வண்டி வாசலிலேயே நிற்கட்டும். நீங்கள் சொன்னபடி மூக்கு பள்ளம் பார்த்துத்தான் நிற்கிறது. பேட்டரிக்கு நல்லதாயிற்றே.

தேனு சுகம். சமத்தாக இருக்கிறாள், சத்தமே போடுவதில்லை. மார்ச்சில் லீவு என்று கேள்விப்பட்டேன். நேராக இங்கே வாருங்கள். கை நனைக்காமல் அனுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
திலீபன்


(ஊர் எழுதவில்லை)
9.11.1998

அண்ணே,

ஹேமா. வலது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நானும் தேனுவும் இருக்கிறோம். அவர் உனக்குக் கடிதம் போட்டதாக அவரே சொன்னார். நீ என்ன நினைத்துத் துடித்தாயோ.

நான் கிளம்பிய அன்றைக்கு அவர் மோட்டார் சைக்கிளில் போடிக்குப் போனார். நடுப்பகல். தேனுவை வழக்கம்போல முன் சீட்டில் உட்கார வைத்தேன். இஸ்திரிப் பெட்டியின் ஒயரை அரிவாள்மனையில் அறுத்து, இரண்டு முனையையும் பல்லால் சீவி வைத்திருந்தேன். சுவிட்ச் இருந்த ஓட்டையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கதவைப் பிடுங்கிக்கொண்டு போனவர், அதைச் சுற்றிப் போகிற வழியை விட்டுவிட்டுப் போயிருந்தார். பானட்டைத் திறந்து, நீ சொன்ன முனையில் ஒரு தலையையும் நீ சொன்ன காதில் ஒரு தலையையும் சுற்றினேன். சின்னதாக ஒரு பொறி பறந்தது. மூடிவிட்டு ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டேன்.

வண்டி நகரவில்லை. சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கல்லை மறந்துவிட்டேன். இறங்கப் போகும்போது முருகம்மாள் அத்தை வாசலில் முறத்தோடு நின்றார். "எங்கனத்தா போற?" என்றார். "வண்டியக் கழுவப் போறேன் அத்தை" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தேனுவைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தக் கல்லை இரண்டு கையாலும் இழுத்து ஓரமாகப் போட்டார். "வெயிலுக்கு முந்திப் போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெயில் அப்போது உச்சியில் இருந்தது. அவர் இன்றைக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

சத்தமே இல்லாமல் உருண்டது அண்ணே. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உன் பதில் என் கைக்கு வரவில்லை, எந்தக் கியர் என்று தெரியவில்லை. இரண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். கோயில் வளைவில் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல், அவ்வளவுதான். சரிவு முடியப் போகிறது. மறுபடி மிதித்து, மறுபடி விட்டேன். அப்பா இருமுகிற மாதிரி இரண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தேனு பயத்தில் என் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எங்கேயும் இன்ஜினை அணைக்கவில்லை. அணைந்தால் மறுபடி எடுக்காது. லோயர் கேம்ப் போய், மின் நிலையத்துக்குப் பக்கத்தில், குமுளி மலை ரோடு ஆரம்பிக்கிற இடத்தில், மூக்கை மலை பார்த்து நிறுத்தினேன். கேரளா போய்விட்டேன் என்று தேடட்டும். அந்த வண்டியைத் தெரியாத ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. அதில் எவ்வளவு தூரம் போனாலும் அது என்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அங்கே தரை மட்டமாக இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இறங்க மனசே வரவில்லை. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. தேனு, "மஸ்கட் வந்துருச்சாம்மா?" என்று கேட்டாள். பானட்டைத் திறந்து ஒயரைப் பிடுங்கினேன். வண்டி நின்றுவிட்டது. வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு பஸ் வந்தது. எந்தப் பக்கம் போகிற பஸ் என்று எழுதமாட்டேன். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அவர் உன்னைத் தேடி வருவார். மார்ச்சில் நீ ஊருக்கு வந்தால் நீ போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருவார். அதனால் நீ என்னைத் தேடாதே அண்ணே. உனக்குத் தெரியாததை உன்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. எனக்கு இனி கடிதமும் போடாதே, போடுவதற்கு முகவரி இல்லை. நீ சொல்லிக்கொடுத்ததை நான் சரியாகத்தான் செய்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்காக இதை எழுதினேன்.

சாவியும் சுவிட்சும் அவரிடமே இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி ஒயர் என் பையில் இருக்கிறது.

உன் தங்கை,
ஹேமா